அந்தியோக்கியாவில் கலைந்த பந்தி

கிறித்துவ சமயத்தின் தொடக்க காலத்துப் பூசல்களுள், அதில் ஈடுபட்டவர் ஒருவரே எழுதிவைத்த சான்றுடன் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு பந்தியில் எழுந்த பூசலாகும். சிரியாவின் தலைநகராகிய அந்தியோக்கியாவில், கி.பி. 48 அல்லது 49ஆம் ஆண்டை ஒட்டி, யூதரும் யூதரல்லாதாரும் ஒருங்கிருந்து உண்டு வந்த பந்தியிலிருந்து பேதுரு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்து நின்றார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே இதனைக் குறித்துள்ளார். குறிப்பு மிகச் சிறியது. அதன்மீது எழுந்த உரைகளோ ஒரு நூலகத்தை நிரப்பும். சட்டத்தின் பிடிக்கும் நம்பிக்கையின் உரிமைக்கும் இடையே நிகழ்ந்த போர் என்று அதனை உரைப்பது மரபு. அம்மரபுரை முற்றும் பிழையன்று. ஆயினும் அது நிகழ்ச்சியின் ஒரு பாதியையே காட்டுகின்றது என்பது எம் கருத்து. மற்றைப் பாதியைக் காண்டற்குப் பந்தியில் யார் யார் இருந்தனர் என்பதோடு, அப்பந்தி பின்னர் யார் கைக்குச் சென்றது என்பதனையும் நோக்குதல் வேண்டும்.

முதலில் சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். பவுல் வழங்கிய கிரேக்கச் சொல் ‘நோமோஸ்’ என்பது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதனை ‘நியாயப்பிரமாணம்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘திருச்சட்டம்’ என்றது. இரண்டும் கற்றோர் ஆய்ந்து கொண்ட சொற்களே. எனினும் இரண்டும் நம் செவியில் நீதிமன்றத்தின் ஒலியை எழுப்புகின்றன. கிரேக்கச் சொல்லுக்கும் மூலமாயிருந்த எபிரேயச் சொல் ‘தோரா’ என்பது. அதன் பொருள் போதனை, வழிகாட்டுதல் என்பன. யூதமறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் அதற்கு ‘நோமோஸ்’ என்று எழுதிய நாளிலேயே பொருளின் ஒரு பகுதி நழுவிற்று. உண்ணல், உடுத்தல், ஓய்தல், மணத்தல், அடக்கம் செய்தல் ஆகிய அனைத்தையும் அளாவி நின்ற ஓர் ஒழுகலாறு அது. கடவுள் தம் மக்களுக்கு அளித்த கொடையாகவே யூதர் அதனைக் கருதினர். சுமை என்று கருதினாரல்லர். இதனை மனத்திற் கொள்ளாது கலாத்தியர் திருமுகத்தைப் படிப்பவர், பவுலுக்கு எதிர்நின்றாரை உள்ளீடற்ற சடங்கர் என்று எளிதில் இகழ்ந்துவிடுவர்.

அவர்கள் அத்தகையோர் அல்லர் என்பதற்கு அந்தியோக்கியாவின் வரலாறே சான்று. கி.மு. 300ஆம் ஆண்டளவில் முதலாம் செலூக்கஸ் நிறுவிய அந்நகர் அவன் மரபினர்க்குத் தலைநகராயிற்று. அம்மரபில் வந்த நான்காம் அந்தியோக்கஸ் என்னும் மன்னன் கி.மு. 167இல் யூதரின் ஒழுகலாற்றைத் தடைசெய்தான். தம் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டனர் என்றும், அக்குழந்தைகள் அவர்தம் கழுத்திலேயே தொங்கவிடப்பட்டனர் என்றும் மக்கபேயர் முதல் நூல் கூறுகின்றது. பன்றியிறைச்சி உண்ண மறுத்து உயிர்விட்ட முதியவர் எலெயாசரின் செய்தியை இரண்டாம் நூல் கூறுகின்றது. எனவே விருத்தசேதனமும் உணவு விலக்கும் யூதர்க்கு வெறும் விதிகளல்ல. முன்னோர் உயிர் கொடுத்துக் காத்த அடையாளங்கள். அரசனுடைய அதே நகரில், இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், அவற்றைச் சற்றே தளர்த்துக என்று கேட்கும் குரல் தம்மவரிடமிருந்தே எழுந்தபொழுது சிலர் நடுங்கியதில் வியப்பில்லை.

இனி, மறுபக்கத்தார் யாவர்? அந்தியோக்கியாவின் யூதர் தம் வழிபாட்டிற்குக் கிரேக்கர் பலரை ஈர்த்து வந்தனர் என்றும், அவர்களை ஒருவகையில் தம்முள் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டனர் என்றும் யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் குறிக்கின்றார். இக்கிரேக்கர் தொழுகைக்கூடத்திற்கு வருவர்; ஒரே கடவுளைப் போற்றுவர்; ஆயினும் ஆடவர் பலர் விருத்தசேதனம் என்னும் வாயிலில் நின்றுவிடுவர். உடற்பயிற்சிக் களத்தில் ஆடையின்றி நிற்பது வழக்கமாயிருந்த கிரேக்க நகரில் அவ்வடையாளம் வாழ்நாள் முழுதும் நகைப்புக்குரியதாகும். இவர்களை நோக்கித்தான் பவுலும் பர்னபாவும், இயேசுவின்மீது கொள்ளும் நம்பிக்கை ஒன்றே போதும், வாயில் திறந்தே உள்ளது என்று அறிவித்தனர். இயேசுவின் சீடர்க்குக் கிறித்தவர் என்னும் பெயர் முதன்முதல் அந்தியோக்கியாவில் வழங்கிற்று என்று திருத்தூதர் பணிகள் என்னும் நூல் கூறுவதும் நோக்கத்தக்கது. யூதர் என்றோ கிரேக்கர் என்றோ கூறவியலாத ஒரு கூட்டம் அங்குத்தான் கண்ணிற் பட்டது போலும்.

இவ்வாறு வந்தவர்கள் விருத்தசேதனம் பெற வேண்டுமா என்னும் வினா எருசலேமில் ஆராயப்பட்டது. இவ்வாய்வைப் பற்றி இரண்டு வரலாறுகள் உள்ளன, இரண்டும் ஒத்துவரவில்லை. பவுல் கூறுவது: தாம் பர்னபாவுடனும் கிரேக்கராகிய தீத்துவுடனும் எருசலேம் சென்றதாகவும், தூண்கள் எனக் கருதப்பட்ட யாக்கோபு, கேபா எனப்படும் பேதுரு, யோவான் ஆகியோரைத் தனியே கண்டதாகவும், அவர்கள் வலக்கை கொடுத்துத் தம்மை ஏற்றதாகவும், ஏழைகளை நினைவிற் கொள்க என்பதன்றி வேறொன்றும் விதிக்கவில்லை என்றும் கூறுகின்றார். ஒரு தலைமுறை கழித்து எழுதப்பெற்ற திருத்தூதர் பணிகள் கூறுவதோ ஒரு பேரவை. அங்கே பேதுருவும் யாக்கோபும் உரையாற்றுகின்றனர். இறுதியில் ஒரு திருமுகம் எழுதப்படுகின்றது. புறவினத்தார் விருத்தசேதனம் பெறவேண்டா; ஆயினும் சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரித்துக் கொன்றவற்றின் ஊன், பரத்தமை ஆகிய நான்கினையும் விலக்குதல் வேண்டும் என்பது அதன் செய்தி.

இந்நான்கு விலக்குகளைப் பவுல் அறிந்திருந்தால், படையல் உணவு பற்றிக் கொரிந்தியருக்கு நெடிதாக எழுதுமிடத்து அவற்றை ஒருமுறையேனும் சுட்டாதிருப்பரா? எனவே அந்நான்கும் அந்தியோக்கியப் பூசலுக்குப் பின்னர், கலைந்த பந்தியை மீண்டும் கூட்டுதற்கு ஏற்பட்ட உடன்பாடு என்றும், பிற்கால ஆசிரியர் அதனைப் பேரவையோடு இணைத்துவிட்டார் என்றும் அறிஞர் சிலர் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. எருசலேமில் விருத்தசேதனம் பேசப்பட்டது; உணவு பேசப்படவில்லை. பேசாது விட்ட அவ்விடத்திலேதான் பூசல் முளைத்தது.

அப்பூசலைப் பவுல் கூறும் மொழி இலக்கணம் பயின்றார்க்குச் சுவையானது. கிரேக்க மொழியில் இறந்தகாலத்தில் ஒருமுறை முடிந்த செயலைக் கூறும் வடிவம் வேறு. தொடர்ந்து நிகழ்ந்ததனைக் கூறும் வடிவம் வேறு. தமிழில் ‘உண்டார்’ என்பதற்கும் ‘உண்டு வந்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. பேதுரு புறவினத்தாரோடு உண்டதனைத் தொடர்நிகழ்ச்சி வடிவத்திலேயே பவுல் கூறுகின்றார். ஆதலின் அது ஒருநாள் விருந்தன்று, நாள்தோறும் நிகழ்ந்த வழக்கம். வியப்பு என்னெனில், அவர் விலகியதற்கும் அதே வடிவமே வருகின்றது. யாக்கோபிடமிருந்து சிலர் வந்தனர். வந்த அன்றே பேதுரு எழுந்து போய்விடவில்லை. பின்வாங்கலானார், தம்மைப் பிரித்துக்கொள்ளலானார். ஒருநாள் வந்தார், மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலந்தாழ்த்து வந்து ஓரத்தில் அமர்ந்தார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். மற்றை யூதரும் அவர் வழிச் சென்றனர். இறுதியில் பர்னபாவும் சென்றார். பர்னபாவின் பெயரைச் சொல்லுமிடத்தில் பவுலின் சொற்களில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருப்பதாக எமக்குப் படுகின்றது.

உடனுண்ணல் என்பது எதனை உணர்த்தும் என்று தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பந்திவஞ்சனை என்னும் சொல்லே நம்மிடம் உண்டு. ஆயினும் அந்தியோக்கியப் பந்திக்கு மற்றுமொரு பொருள் இருந்தது. அக்காலத்தில் ஆண்டவரின் திருவிருந்து தனிச்சடங்காகப் பிரிந்திலது. கூடியுண்ணும் உணவோடு ஒன்றியிருந்தது என்பது கொரிந்தியர் முதல் திருமுகத்தால் விளங்கும். ஆகவே உணவில் இரு பந்தியானால் வழிபாட்டிலும் இரு பந்தியாகும். பேதுரு எவர்க்கும் விருத்தசேதனம் செய்க என்று ஆணையிடவில்லை. வாய் திறந்து ஒன்றும் சொன்னதாகவே தெரியவில்லை. ஆயினும் அவர் எழுந்து சென்ற வெற்றிடம், யூதராய் வாழ்ந்தாலன்றி எம்மோடு அமர இயலாது என்று கிரேக்கர்க்கு உரைத்தது. புறவினத்தாரை யூதராகுமாறு வற்புறுத்துகின்றீர் என்று பவுல் குற்றஞ்சாட்டியதன் பொருள் இதுவே. சட்டம் நல்லதா தீயதா என்பதைவிட, யார் யாரை வற்புறுத்துவது என்பதே அவர் அவ்விடத்தில் எழுப்பிய வினா.

பேதுருவின் மறுமொழி எவ்விடத்தும் பதிவாகவில்லை. நாம் அவர் பக்கமும் நின்று பார்த்தல் முறை. யூதேயாவில் அக்காலம் கொந்தளிப்பான காலம். கி.பி. 40இல் கலிகுலா தன் சிலையை எருசலேம் கோயிலுள் நிறுவ முனைந்தான். 46 முதல் 48 வரை ஆளுநனாயிருந்த திபேரியு அலெக்சாந்தர், கலிலேயனாகிய யூதாவின் மக்கள் இருவரைச் சிலுவையில் அறைந்தான். பஞ்சமும் உடன் வந்தது. அத்தகைய ஆண்டுகளில், இயேசுவைப் பின்பற்றுவோர் புறவினத்தாரோடு கலந்துண்கின்றனர் என்னும் செய்தி எருசலேமில் வாழ்ந்த உடன்பிறப்புகளுக்கு ஊறு விளைத்தல் கூடும். அவர்களைக் காத்தற்கு அந்தியோக்கியாவில் சிறிது விட்டுக்கொடுத்தல் தகும் என்று பேதுரு கருதியிருப்பின், அதனைக் கோழைமை என்று கூறிவிட யாம் துணியோம். பவுல் அவ்வாறே கூறினார். ஆனால் பவுல் வழக்கில் ஒரு கட்சிக்காரர்.

அவ்வழக்கில் அவர் வென்றாரா? வென்றார் என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். திருமுகம் அவ்வாறு கூறவில்லை. தீத்து விருத்தசேதனம் பெறுமாறு வற்புறுத்தப்படவில்லை என்பதனைக் கலாத்தியர்க்கு அழுத்திக் கூறுபவர், பேதுரு மனம் மாறிப் பந்திக்கு மீண்டிருந்தால் அதனைக் கூறாது விடுவரா? தம் உரையைச் சொல்லத் தொடங்குகின்றார். அவ்வுரை பேதுருவை நோக்கியது எங்கே முடிகின்றது, கலாத்தியரை நோக்கியது எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிய இயலாதவாறு கரைந்துபோகின்றது. பின்னர் பவுல் பர்னபாவோடு பயணம் செய்யவில்லை. யோவான் மாற்கு பற்றிய கருத்து வேறுபாட்டால் பிரிந்தனர் என்று திருத்தூதர் பணிகள் காரணம் கூறும். அந்தியோக்கியாவிற்கு அவர் மீண்டும் வந்ததாக அந்நூல் ஒரே ஒருமுறை, அதுவும் ஓரிரு தொடரில் குறிக்கின்றது. அன்று அந்நகரில் பவுல் தோற்றார் என்று கொள்ளும் அறிஞரோடு யாம் உடன்படுகின்றோம்.

தோற்றவரின் திருமுகம் மறைநூலாயிற்று. அதனால் பின்வந்தோர்க்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. சமயத்தின் இரு தூண்கள் வெளிப்பட மோதிக்கொண்ட செய்தியை வைத்துப் போர்பீரி என்னும் மெய்யியலார் கிறித்தவரை எள்ளினார். அலெக்சாந்திரிய கிளமெந்து, அந்தக் கேபா திருத்தூதர் பேதுரு அல்லர், எழுபது சீடருள் ஒருவராகிய வேறொரு கேபா என்றார். மற்றுஞ் சிலர் அதனினும் நுட்பமாக, இருவரும் முன்னரே பேசிவைத்துக்கொண்டு பிறர்க்குப் பாடம் புகட்டுதற்கு நடித்த நாடகம் அது என்றனர். ஒரிஜனைப் பின்பற்றி எரோணிமும், அந்தியோக்கியாவிலேயே யோவான் கிறிசோஸ்தோமும் இவ்வாறு உரைத்தனர்.

சங்கடம் சுவடிகளிலும் புகுந்தது. தீத்துவைப் பற்றிய பகுதியில், பொய்ச் சகோதரர்க்குத் தாம் ஒரு கணமும் இணங்கவில்லை என்று பவுல் கூறுவதாகப் பெரும்பாலான கிரேக்கச் சுவடிகள் காட்டுகின்றன. மேற்கில் வழங்கிய பாடத்தில் எதிர்மறை இல்லை. ஒருகணம் இணங்கினோம் என்று பொருள்படுகின்றது. தெர்த்துல்லியன் எதிர்மறையற்ற பாடமே மெய்ப்பாடம் என்றும், எதிர்மறை மார்சியோனின் கைவேலை என்றும் வாதிட்டார். எதிர்மறை உள்ள பாடமே முந்தியது என்பது இன்று பெரும்பாலோர் முடிபு. ஆயினும் தெர்த்துல்லியனின் வாதத்திற்கு ஒரு சான்று இருக்கத்தான் செய்தது: தாய் யூதராகவும் தந்தை கிரேக்கராகவும் இருந்த தீமோத்தேயுவுக்குப் பவுலே விருத்தசேதனம் செய்வித்தார் என்று திருத்தூதர் பணிகள் கூறுகின்றது. ஓர் எதிர்மறைச் சொல் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு மனிதரின் வாழ்வையே வேறாக்கும் இடங்கள் நம் உரையாசிரியர்க்கும் புதியனவல்ல.

நான்கு விலக்குகளிலும் இத்தகைய பாடவேறுபாடு ஒன்று உண்டு. கேம்பிரிட்சில் உள்ள பேசா சுவடி கழுத்து நெரித்துக் கொன்றதனைப் பற்றிய சொல்லை விட்டுவிடுகின்றது. தமக்கு நேர விரும்பாததைப் பிறர்க்குச் செய்யற்க என்னும் கருத்தைச் சேர்க்கின்றது. அதனால் ‘இரத்தம்’ என்பது கொலை எனப் பொருள்பட, உணவு விலக்கு முழுதும் அறநெறியாக மாறிவிடுகின்றது. யூதரோடு அமர்ந்துண்ணும் பந்தி மறைந்துபோன சூழலில், பந்திக்காக வகுத்த விதி விளங்காமற் போனதே இத்திருத்தத்திற்குக் காரணம் என்று யாம் ஊகிக்கின்றோம். எனினும் எல்லா இடத்தும் அது மறையவில்லை. கி.பி. 177இல் லியோன் நகரில் வதைக்கப்பட்ட பிப்லிஸ் என்னும் பெண்மணி, விலங்கின் இரத்தத்தையும் உண்ணல் ஆகாது என்றிருக்கும் எம்மவர் குழந்தைகளைத் தின்பரோ என்று கேட்டதாக யூசேபியு காத்துவைத்த திருமுகம் கூறுகின்றது. சட்டத்தினின்று விடுபட்டதாகக் கூறிக்கொண்டோர் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்விலக்கைப் பேணினர்!

பவுலின் எதிரிகளைச் ‘சட்டவாதிகள்’ என்னும் உருவத்தில் நிலைநாட்டியதில் பதினாறாம் நூற்றாண்டுக்குப் பெரும்பங்கு உண்டு. மார்ட்டின் லூத்தர் 1535இல் வெளியிட்ட கலாத்தியர் விரிவுரையில் யூதச் சட்டமும் தம் காலத்து உரோமைத் திருச்சபையின் நற்செயற் கோட்பாடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன. 1831இல் பாவூர் என்னும் செருமானிய அறிஞர் பேதுரு கட்சி, பவுல் கட்சி எனத் தொடக்கத் திருச்சபையைப் பிளந்து காட்டினார். 1977இல் சாண்டர்ஸ் எழுதிய ஆய்வு இப்போக்கைத் திருப்பிற்று. யூதர் சட்டத்தைக் கைக்கொண்டது கடவுளின் அருளை ஈட்டுதற்கன்று, முன்னரே பெற்ற அருளுள் நிலைத்தற்கே என்று அவர் நிறுவினார். கும்ரான் குகைச் சுவடிகளுள் 1994இல் முழுமையாகப் பதிப்பிக்கப்பெற்ற ஒரு மடலில், பவுல் வழங்கும் ‘சட்டத்தின் செயல்கள்’ என்னும் தொடருக்கு நேரான எபிரேயத் தொடர் காணப்படுகின்றது. அங்கு அது தூய்மை, பலி முதலியன பற்றி ஒரு குழுவை மற்றொன்றினின்று பிரிக்கும் ஒழுக்கங்களைச் சுட்டுகின்றது. எம் ஆய்வுக்கு இது பெருந்துணை. பவுல் எதிர்த்தது வேலியை; வேலிக்குள் இருந்த வீட்டையன்று. ஆயினும் கலாத்தியர் திருமுகத்தின் சினத்தில் அவர் சிலவிடத்து வீட்டையும் தாக்கிவிட்டார் என்பதனை மறைத்தற்கில்லை. உரோமையர் திருமுகத்தில் அச்சட்டத்தையே தூயது என்று அவர் கூற நேர்ந்தது அதனாற் போலும்.

இனி, பந்தி கைமாறிய வரலாறு. கி.பி. 62இல் தலைமைக் குரு அன்னானு யாக்கோபைக் கல்லெறிந்து கொல்வித்தான். யாக்கோபு சட்டத்தை மீறினார் என்பதே சாட்டப்பட்ட குற்றம் என்கின்றார் யோசேப்பு. சட்டத்தின் காவலர் என நாம் எண்ணும் ஒருவர் சட்டத்தை மீறியவராக மாண்டார். அதனைக் கண்டித்தவரோ சட்டத்தில் கண்டிப்புடையவர் எனப் பெயர்பெற்றோர். 70இல் எருசலேம் கோயில் எரிந்தது. 132 முதல் 135 வரை நடந்த இரண்டாம் பெரும் போருக்குப் பின் எருசலேமுக்குள் யூதர் நுழைதலே தடுக்கப்பட்டது. பவுல் வாதத்தால் பெறாத வெற்றியை உரோமைப் படைகள் ஈட்டித் தந்தன என்றே கூறவேண்டும். திருச்சபையில் புறவினத்தார் பெரும்பான்மையினராயினர்.

அப்பொழுது வினா தலைகீழாயிற்று. இரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் யுஸ்தீன், திரிபோ என்னும் யூதரோடு நிகழ்த்திய உரையாடலாக ஒரு நூல் எழுதினார். அதில் திரிபோ கேட்கின்றார்: இயேசுவை ஏற்றுக்கொண்ட ஒருவன் மோசேயின் சட்டத்தையும் கைக்கொள்ள விரும்பினால் அவன் மீட்புப் பெறுவனா? பிறரை வற்புறுத்தாவிடின் பெறுவன் என்பது எம் கருத்து என்கின்றார் யுஸ்தீன். உடனே, அத்தகையோரோடு பேசவும் விருந்துண்ணவும் மறுக்கும் கிறித்தவர் உளர், யாம் அவர்களோடு உடன்படுவதில்லை என்று சேர்க்கின்றார். நூறாண்டுகளுக்கு முன் அந்தியோக்கியாவில் ஒதுக்கப்பட்டவர் கிரேக்கர். இப்பொழுது ஒதுக்கப்படுபவர் யூதர். பந்தி ஒன்றே.

யுஸ்தீனின் பெருந்தன்மையும் நிலைக்கவில்லை. அகுஸ்தீன், கலாத்தியர் செய்தியை நடிப்பு என்றால் மறைநூல் பொய்யுரைத்ததாகும் என்று எரோணிமுக்கு எழுதினார். அம்முதல் மடல் உரியவர் கைக்குச் சேராமல் ஊர் சுற்றிப் பிறர் பலர் படித்தபின்னரே அவரை அடைந்தது. முதியவர் சினந்தது இயல்பே. 404இல் எழுதிய மறுமொழியில் எரோணிமு, யூதச் சடங்குகள் கிறித்தவர்க்குக் கேடும் சாவும் பயப்பன என்றும், யூதராய்ப் பிறந்தாரும் அவற்றைக் கைக்கொண்டால் அலகையின் குழியில் வீழ்வர் என்றும் முழங்கினார். அகுஸ்தீன் சற்று மென்மையர்: திருத்தூதர் காலத்து யூதர் அச்சடங்குகளைப் பேணியது இறந்த உடலை மதிப்போடு அடக்கத்திற்கு எடுத்துச்செல்வது போன்றது என்றார். அடக்கம் முடிந்தபின் தோண்டலாகாது என்பதில் அவரும் உறுதியாகவே இருந்தார். புறவினத்தாரை யூதராகுக என்று வற்புறுத்தலாகாது என்றார் பவுல். யூதரை யூதராயிராதே என்று வற்புறுத்தலாம் என்பது அவர்தம் உரையாசிரியர் கண்ட முடிபாயிற்று.

மக்கள் அம்முடிபைக் கேட்டனரா என்பது வேறு செய்தி. கி.பி. 386, 387ஆம் ஆண்டுகளில் யோவான் கிறிசோஸ்தோம் அந்தியோக்கியாவில் நிகழ்த்திய கடுஞ்சொற்பொழிவுகள் கிடைத்துள்ளன. அவற்றில் அவர் யூதர்மீது சொரிந்த வசைகள் பிற்காலத்தில் பெருந்தீங்குக்குத் துணைபோயின. ஆனால் அவர் எதிரே அமர்ந்திருந்தோர் கிறித்தவரே. யூதரின் புத்தாண்டு எக்காள விழாவிற்கு அவர்கள் செல்கின்றனர், நோன்பில் சேர்கின்றனர், ஆணையிடுதற்கும் நோய் தீர்தற்கும் தொழுகைக்கூடத்தை நாடுகின்றனர், பாஸ்காவை யூதரோடு ஒரே நாளிற் கொண்டாடுகின்றனர் என்பதே அவர் முறையீடு. மனைவியர் செல்வதைக் கணவர் தடுக்கவேண்டும் என்கின்றார். செல்வோரைத் தேடிப் பிடித்து மீட்டு வருக என்கின்றார். பேதுருவும் பவுலும் முகத்துக்கு முகம் நின்ற நகரில், முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றபின்னும், கிறித்தவர் யூதரின் விழாக்களுக்குச் சென்றுகொண்டிருந்தனர்.